விட்டுவிட்ட மீனின் மதிப்பு

மீன் பிடிப்பது உண்பதற்காக, அல்லது விற்பதற்காக. நெடிய கடற்கரையையுடைய நம் நாட்டில், இதற்கு மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்றால் பலரும் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆயினும் அமெரிக்காவின் பிளோரிடா மாநிலத்துக்குத் தென்கிழக்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் பஹாமாஸ் தீவுகளுக்கு ஆண்டுதோறும் விமானமேறி வரும் ஒரு கூட்டம் உண்டு. பல நூறு டாலர் கொடுத்து ஒரு நாளைக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, சுட்டெரிக்கும் வெயிலில் நின்று, ஒரு மீனைத் தூண்டிலில் பிடித்து, அடுத்த நிமிடமே அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு மனநிறைவோடு திரும்புபவர்கள் இவர்கள். வேடிக்கையாகத் தோன்றும் இந்த வழக்கம், 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, அந்தச் சிறு நாட்டின் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 14.1 கோடி டாலர் பங்களித்துக்கொண்டிருந்தது. சந்தையில் விற்றால் சில டாலர்கூடப் பெறாத ஒரு மீன், உயிரோடு நீந்திக்கொண்டிருப்பதால் மட்டுமே இவ்வளவு ஈட்டித் தருவது எவ்வாறு? அந்த ஈட்டம் எதன்மேல் நிற்கிறது? இவற்றையே நாம் இங்குக் காண்போம்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். பஹாமாஸ் தீவுகள் பரந்த சுண்ணாம்புக்கல் மேடைகளின் மேல் அமர்ந்திருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியதற்குக் ‘கிரேட் பஹாமா பேங்க்’ என்று பெயர். கடலடியில் உயர்ந்து நிற்கும் மேட்டை ஆங்கிலத்தில் ‘பேங்க்’ என்பார்கள். வங்கி இதழில் எழுதும் நாம் இந்தப் பெயரைக் கண்டு சற்றே புன்னகைத்துக்கொள்ளலாம். மேடையின் மேல் பெரும்பாலும் பத்து மீட்டருக்கும் குறைந்த நீரே நிற்கிறது. அதன் விளிம்பைத் தாண்டினாலோ தரை செங்குத்தாகச் சரிந்து, ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிவிடுகிறது. தீவுகளின் ஓரங்களில், கணுக்கால் முதல் இடுப்பு வரை மட்டுமே நீர் நிற்கும் வெண்மணல் வெளிகளும் கடற்புல் வெளிகளும் காத தூரத்துக்கு விரிந்து கிடக்கின்றன. இவற்றையே மீன்பிடிப்போர் ‘ஃபிளாட்ஸ்’ என்கின்றனர். கடல் வற்றும்போது இவற்றிற் சில பகுதிகள் வெறும் தரையாகிவிடும். கடல் ஏறும்போது நீரோடு மீனும் ஏறி வரும்.

அவ்வாறு ஏறி வரும் மீன்களில் முதன்மையானது ‘போன்ஃபிஷ்’. உடலெங்கும் மெல்லிய முட்கள் நிறைந்திருப்பதால் எலும்பு மீன் என்று பொருள்படும் இப்பெயர் அதற்கு வாய்த்தது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கிலோ எடையே இருக்கும். மணலுக்குள் புதைந்திருக்கும் இறால், நண்டு, சிப்பி, புழு ஆகியவற்றைத் தலைகீழாக நின்று மூக்கால் கிளறித் தின்னும். நீர் மிகக் குறைவாக இருந்தால் அப்போது அதன் வால் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே நீண்டு வெயிலில் மின்னும். மற்ற நேரங்களில் அதைக் காண்பது அரிது. அதன் வெள்ளிச் செதில்கள் கண்ணாடி போன்றவை. சுற்றியுள்ள மணலையும் புல்லையுமே அவை காட்டும். எனவே பழகிய கண் மீனைத் தேடுவதில்லை. மணலின் மேல் நகரும் அதன் நிழலைத் தேடுகிறது. ‘சாம்பல் நிறப் பேய்’ என்று அதற்குப் பட்டப்பெயர் இட்டவர்கள் மிகைப்படுத்தவில்லை.

இதே வெளிகளுக்கு வரும் வேறு இரண்டு மீன்களும் புகழ்பெற்றவை. ‘டார்ப்பன்’ இரண்டு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் ஆற்றல் படைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழவல்லது. ‘பெர்மிட்’ நம் கடற்கரைச் சந்தைகளில் காணும் பாரை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது, நண்டுப் பிரியன், தூண்டிலைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் பிடிவாதக்காரன். மூன்றையும் ஒரே நாளில் பிடித்தவர் அதை வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பார். நம் அந்தமான் கடலிலும் பாரைக் குடும்பத்தின் பேருருவான ‘ஜயன்ட் டிரெவலி’யைத் தேடி வரும் விளையாட்டு மீன்பிடிப்போர் உண்டு. ஆனால் இத்தொழில் நன்கு வேரூன்றி, ஆய்வுக்கும் சட்டத்துக்கும் உட்பட்டுள்ள நாடு என்பதால் பஹாமாஸையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

எடையில்லாததை எறிவது எப்படி?

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் எடையே இரையை இழுத்துக்கொண்டு பறக்கும்; நைலான் நரம்பு அதன் பின்னே ஓடும். ‘ஃபிளை’ தூண்டில் முறையில் இது தலைகீழாகிறது. இங்கு இரை என்பது கொக்கி முள்ளின் மேல் மயிரும் இறகும் பளபளப்பு இழையும் சுற்றிச் செய்த ஒரு போலிப் பூச்சி, அல்லது போலி இறால். அதன் எடை ஒரு கிராம்கூட இராது. அதை எவ்வளவு வீசினாலும் முன்னே விழாது. ஆகவே கயிற்றையே கனமாகச் செய்தார்கள். நெகிழி பூசிய, சுமார் முப்பது மீட்டர் நீளமுள்ள தடித்த கயிறு அது. இரண்டே முக்கால் மீட்டர் நீளக் கோலைப் பின்னும் முன்னும் அசைக்கும்போது இக்கயிறு காற்றில் விரிந்து வளைந்து பறக்கிறது. அதன் நுனியில், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நரம்பில் கட்டப்பட்ட போலி இறால், கடைசியாக, ஓசையின்றி நீரில் இறங்குகிறது. சவுக்கு வீசுபவரின் கையசைவை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். இம்முறை முதலில் குளிர்நாட்டு ஆறுகளில் டிரவுட் மீனுக்காகத் தோன்றியது. கடலில், அதுவும் போன்ஃபிஷ்ஷுக்கு, அது சரிப்பட்டு வரும் என்று வெகுநாள் யாரும் நம்பவில்லை. 1947ஆம் ஆண்டு ஜோ புரூக்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர், ஜிம்மி ஆல்பிரைட் என்னும் வழிகாட்டியின் துணையோடு பிளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் வேண்டுமென்றே முயன்று பிடித்துக்காட்டிய பிறகே இவ்விளையாட்டு பரவியது.

போலி இறாலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1977ஆம் ஆண்டு பாப் நௌஹைம் என்பவர் பஹாமாஸின் மிகப் பெரிய தீவான ஆண்ட்ரோஸில், சார்லி ஸ்மித் என்னும் உள்ளூர் வழிகாட்டியோடு மீன் பிடிக்கச் சென்றார். அங்குக் கட்டிய ஒரு போலி இரைக்கு வழிகாட்டியின் பெயரையே சூட்டினார். ‘கிரேஸி சார்லி’ என்று இன்று உலகெங்கும் விற்கப்படுவது அதுதான். உலோக மணிச் சங்கிலியிலிருந்து வெட்டிய இரண்டு மணிகள் அதற்குக் கண்கள். அந்த மணிகளின் எடையால் இரை அடித்தரைக்கு இறங்கும். கொக்கி மேல்நோக்கித் திரும்பிக்கொள்வதால் கடற்புல்லில் சிக்காது. ஒரு தீவு வழிகாட்டியின் பெயர், அவர் கண்டேயிராத நாடுகளின் கடைகளிலும் புழங்குவது நமக்குப் பெரிதும் பிடித்த செய்தி.

இனி, படகிற்கு வருவோம். தரைதட்டாத தட்டையான சிறு படகின் பின்புறத்தில் உயர்ந்த ஒரு மேடை. அதன் மேல் நீண்ட கழியோடு வழிகாட்டி நிற்கிறார். இயந்திரம் நிறுத்தப்பட்டுவிடும், கழியால் அடித்தரையை ஊன்றி ஊன்றிப் படகைத் தள்ளுவார். பிச்சாவரத்தில் உப்பங்கழிப் படகில் சென்றவர்களுக்கு அந்த அமைதி பழக்கமானதாக இருக்கும். படகின் முன்முனையில் விருந்தினர், கையில் கோலோடு. இருவரும் நீரின் கண்கூச்சத்தை வெட்டும் போலராய்டு கண்ணாடி அணிந்திருப்பர். படகின் முனை கடிகாரத்தின் பன்னிரண்டு. “பதினொரு மணி, ஐம்பது அடி, இடப்பக்கம் போகிறது” என்று வழிகாட்டி தாழ்ந்த குரலில் சொன்னதும், விருந்தினர் சில நொடிகளுக்குள், மீன் செல்லும் வழியில் அதற்கு முன்னால், அதன் தலைமேல் விழாதவாறு இரையை இறக்க வேண்டும். ஓரடி பிசகினாலும் மீன்கூட்டம் வெடித்துச் சிதறி மறையும்.

மீன் பின்தொடர்ந்து இரையைக் கவ்வும்போது, ஆற்று மீன்பிடியில் பழகியவர்கள் கோலை மேலே உயர்த்திவிடுவார்கள். இரை வாயிலிருந்து நழுவிவிடும். இங்கு, கோலை அசைக்காமல் இடக்கையால் கயிற்றை நேராக இழுக்க வேண்டும். முள் பாய்ந்ததும் மீன் ஓடுகிறது. முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டர் செல்வதுண்டு. சுழலும் ரீல் ஓலமிடும். இந்தச் சில நொடிகளுக்காகவே அவ்வளவு பணமும் பயணமும்.

விடுவித்தால் பிழைக்குமா?

மீனை நீரில் விட்டுவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்று நெடுங்காலம் எல்லோரும் எண்ணியிருந்தனர். கண்முன்னே நீந்திச் செல்வதைப் பார்த்தபின் ஐயம் எழாது அல்லவா? ஆனால் பஹாமாஸின் எலூத்தரா தீவில் ஆய்வாளர்கள் விடுவிக்கப்பட்ட போன்ஃபிஷ்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. நீண்ட ஓட்டத்தால் களைத்து, காற்றில் தூக்கிப் பிடிக்கப்பட்டு, உடல் சமநிலை இழந்து ஒருபக்கமாகச் சாயும் நிலையில் விடப்பட்ட மீன்கள், நிமிர்ந்து நீந்தும் நிலையில் விடப்பட்டவற்றைவிட ஆறு மடங்குக்கும் மேலாக வேட்டை மீன்களுக்கு இரையாயின. சுறாவும் சீலாவும் இதே வெளிகளில் திரிகின்றன. தடுமாறும் மீனை அவை விரைவில் கண்டுகொள்கின்றன. படகிலிருந்து பார்ப்பவர் மீன் போய்விட்டது என்று கையசைத்துக்கொண்டிருக்க, சற்றுத் தொலைவில் அதன் கணக்கு முடிந்திருக்கும்.

இந்த ஆய்வுகளுக்குப் பின் பழக்கங்கள் மாறின. முள்ளின் நுனிக்கருகே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டால், கழற்றுவது ஒரு நொடி வேலை. மீனின் மேலுள்ள வழுவழுப்பான படலமே நோய்க்கிருமிகளிடமிருந்து அதற்குக் காப்பு. உலர்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். ஆகவே கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும். வாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கிகள் தாடையைக் காயப்படுத்துவதால் தவிர்க்கப்படுகின்றன. புகைப்படம் வேண்டுமென்றால் மீன் நீருக்கு மேலே பத்து நொடிகளுக்கு மேல் இருக்கலாகாது. அருகில் சுறா தென்பட்டால் நல்ல வழிகாட்டி அங்கே மீன் பிடிக்கவே விடமாட்டார்; படகை வேறிடம் தள்ளிச் செல்வார். பணம் கொடுத்த விருந்தினர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அந்த மீன் அடுத்த வாரம் வேறொரு விருந்தினருக்கும், அடுத்த ஆண்டு இன்னொருவருக்கும் வேண்டியது என்பது வழிகாட்டிக்குத் தெரியும். அது அவருடைய குடும்பத்தின் வருவாய்.

அவ்வருவாய் சென்று சேரும் இடமும் குறிப்பிடத்தக்கது. பஹாமாஸின் சுற்றுலாப் பணத்தில் பெரும்பகுதி தலைநகர் நாசோவின் பெரிய விடுதிகளுக்கும் கப்பல் துறைக்கும் போகிறது. போன்ஃபிஷ்ஷைத் தேடி வருபவர்களோ ஆண்ட்ரோஸ், அபாக்கோ, எலூத்தரா போன்ற, வேறு தொழில் வாய்ப்புக் குறைந்த தீவுகளின் சிறு விடுதிகளில் தங்குகின்றனர். வழிகாட்டிகளில் பலர் தந்தையிடமிருந்து தொழிலைக் கற்றவர்கள். பிமினி தீவின் அன்சில் சாண்டர்ஸ் படகு கட்டுபவர், வழிகாட்டி. 1964ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங்கைத் தம் படகில் அலையாத்திக் காட்டின் அமைதிக்குள் அழைத்துச் சென்றவர். நோபல் பரிசேற்புரையின் பகுதிகளைக் கிங் அங்கே எழுதினார் என்பது அத்தீவு பெருமையோடு சொல்லும் செய்தி.

இவ்வளவு வாழ்வு ஒரு மீனைச் சார்ந்திருப்பதால் சட்டமும் பின்தொடர்ந்தது. பஹாமாஸில் போன்ஃபிஷ்ஷை வலையிட்டுப் பிடிப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றம். 2017 முதல் அங்கு இந்த வெளிகளில் தூண்டிலிடும் வெளிநாட்டார் தனி உரிமம் பெற வேண்டும். மத்திய அமெரிக்க நாடான பெலீஸ், 2009ஆம் ஆண்டிலேயே போன்ஃபிஷ், டார்ப்பன், பெர்மிட் மூன்றையும் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று விதித்தது.

தொலைவிலிருந்து வரும் இடர்கள்

சட்டமும் நனைத்த கையும் போதுமா என்றால், போதா. இந்த மீனின் வாழ்க்கை முழங்கால் நீரோடு முடிவதில்லை. அக்டோபர் முதல் வசந்தகாலம் வரை, பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில், போன்ஃபிஷ்கள் ஆயிரக்கணக்கில் தீவின் சில குறிப்பிட்ட இடங்களில் கூடுகின்றன. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்குகின்றன. இருள் கவிந்ததும், நாம் முன்பு சொன்ன அந்த மேடையின் விளிம்பைக் கடந்து ஆழ்கடலுக்குச் செல்கின்றன. 2019ஆம் ஆண்டு அபாக்கோ தீவருகே மீன்களின் உடலில் ஒலிக்கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, அவை 130 மீட்டருக்கும் கீழே இறங்கியது தெரியவந்தது. இடுப்பளவு நீரிலேயே வாழ்நாளைக் கழிக்கும் ஒரு மீன்! பிறகு வேகமாக மேலேறும்போது முட்டையிடுகின்றன. பொரிந்த குஞ்சுகள் கண்ணாடி நாடா போன்ற உருவில் ஒன்றரை முதல் இரண்டரை மாதங்கள் கடலோட்டத்தில் மிதந்து, பின்னர் ஏதேனும் ஒரு கரையோர ஆழமற்ற நீரில் ஒதுங்குகின்றன. ஆகவே, மீன்கள் கூடும் அந்த ஒற்றை இடத்தைத் தூர்வாரிப் படகுத்துறை கட்டிவிட்டால், பல கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள வெளிகள் அனைத்தும் வறண்டுபோகும். கூடுமிடங்களைக் கண்டறியும் ஆய்வு நடந்ததன் பயனாக, 2015ஆம் ஆண்டு அபாக்கோவிலும் கிராண்ட் பஹாமாவிலும் புதிய தேசியப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன.

2019 செப்டம்பரில் டோரியன் புயல் அதே இரு தீவுகளையும் தாக்கியது. கிராண்ட் பஹாமாவின் மேல் ஒரு நாளுக்கும் மேலாக நகராமல் நின்றது. உயிரிழப்பும் வீடிழப்பும் பெரிது. அவற்றோடு ஒப்பிட அலையாத்திக் காடுகளின் அழிவு சிறியதாகத் தோன்றலாம். எனினும் அக்காடுகளின் வேரிடுக்குகளே சிறு மீனுக்கும் இறாலுக்கும் புகலிடம். அங்கு அழிந்தவற்றுள் முக்கியமானது செவ்வலையாத்தி; நம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வளரும் சுரபுன்னையின் இனத்தைச் சேர்ந்தது. தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் நீண்ட காய்களைச் சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து, சேற்றில் ஊன்றும் பணி அன்று தொடங்கியது. அதில் வழிகாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் கைகொடுத்தனர்.

பிளோரிடாவில் கண்ட இடர் கண்ணுக்குத் தெரியாதது. அங்கு 2013 முதல் போன்ஃபிஷ்ஷைக் கொல்வதற்குத் தடையுண்டு. ஆயினும் அதற்கு முன்பே, 1990களிலிருந்து, மீனின் எண்ணிக்கை குறைந்து வந்தது. காரணம் தேடிய ஆய்வாளர்கள் தென் பிளோரிடாவில் 93 மீன்களைச் சோதித்தபோது, ஒவ்வொன்றின் உடலிலும் மனிதர்கள் உட்கொள்ளும் மருந்துகள் இருந்தன. சராசரியாக ஒரு மீனுக்கு ஏழு. இரத்தக்கொதிப்பு மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, நுண்ணுயிர்க்கொல்லி எனப் பட்டியல் நீண்டது. நகரங்களின் கழிவுநீர் வழியே அவை கடலுக்கு வருகின்றன. சுத்திகரிப்பு நிலையங்கள் அவற்றை நீக்கும் வகையில் அமைக்கப்படவில்லை. தூண்டில்காரர் எவ்வளவு மென்மையாக மீனைக் கையாண்டாலும் இதற்கு மருந்தில்லை.

இன்னொரு கேள்வியும் எஞ்சியுள்ளது. அதைத் தவிர்த்துச் செல்வது முறையாகாது. விருந்தினருக்கு விளையாட்டாக இருக்கும் மீன், கடற்கரையில் வாழ்பவருக்கு உணவு. பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் போன்ஃபிஷ்ஷின் நெருங்கிய உறவான ஓரினத்தை மக்கள் தலைமுறைகளாக உண்டு வருகின்றனர். ‘பிடித்தால் விட்டுவிடு’ என்று வெளியிலிருந்து வருபவர் அவர்களிடம் சொல்வது எளிது. பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த அனா என்னும் பவளத்தீவில் இம்மீனுக்குக் கியோகியோ என்று பெயர். முட்டையிடச் செல்லும் மீன்கூட்டம் கால்வாய்களைக் கடக்கும்போது பொறிகளில் பிடிப்பது அங்குள்ள வழக்கம்; மீனின் அளவும் எண்ணிக்கையும் சுருங்கி வந்ததை அவர்களே கண்டனர். தூண்டில் விருந்தினரால் வரும் வழிகாட்டி வேலையும் அப்போது தீவுக்குப் புதிதாக வந்திருந்தது. ஆய்வாளர்களோடும் பள்ளிக்கூடத்தோடும் பேசி, முற்றிலும் தடை செய்வதைத் தவிர்த்து, தங்கள் முன்னோரின் ‘ராகுயி’ என்னும் பழைய கட்டுப்பாட்டு முறைக்கு உயிர் கொடுத்தார்கள். முட்டையிடும் பருவத்தில் யாரும் அம்மீனைப் பிடிப்பதில்லை. பருவம் முடிந்ததும் பொறிகள் மீண்டும் திறக்கின்றன. வழிகாட்டிகள் விருந்தினரைப் படகில் ஏற்றிச் செல்கின்றனர். வீடுகளில் கியோகியோ மீண்டும் அடுப்பேறுகிறது.